எழுந்து கைதட்டாதவர்

வரைபடக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போய் ஏழாம் வரிசையின் நடு இருக்கையில் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் கழித்துத்தான் அதிலிருந்து எழுந்தார். எழ முடியவில்லை என்பது அவர் கட்சி. எழ மனமில்லை என்பது அவர் மனைவியின் கட்சி. நாடக அரங்கத்தின் மேனேஜருக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் கிடையாது. ஏழாம் வரிசைக்கு ஒரு டிக்கெட் குறைவாக அச்சடிக்கச் சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. அந்த வருடங்களில் ஊரில் வேறு சங்கதிகளும் நடந்தன. ஆற்றுப் பாலத்தை அகலப்படுத்தினார்கள். தபால் நிலையம் இடம் மாறியது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தெருவிளக்குகள் பகலில் எரிந்து இரவில் அணைந்தன, யாரும் புகார் கொடுக்கவில்லை. இவற்றையெல்லாம் விட வரைபடக்காரரைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள் என்று சொல்ல முடியாது.

அவர் கட்டட அனுமதி அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். ஊரில் பாதி வீடுகளின் மாடிப்படி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவர் பென்சில்தான் முடிவு செய்தது. ஆனால் அலுவலகத்தில் அவருடைய உடம்பு மட்டும்தான் இருந்தது. மனசு மீசை அரும்பிய வயதிலேயே பாட்டு நாடகத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வெறும் பேச்சு நாடகம் அவருக்குப் பிடிக்காது. மனிதர்கள் பேசுவதைக் கேட்க எதற்கு டிக்கெட், அலுவலகத்திலேயே கேட்கலாமே என்பார். பேசிப் பேசி, இனிமேல் பேச்சு தாங்காது என்ற இடத்துக்கு ஓர் ஆள் வந்து நிற்கிறான் பாருங்கள், அங்கேதான் பாட்டு வர வேண்டும். கொஞ்சம் முன்னால் வந்தால் அது விளம்பரம். பின்னால் வந்தால் அனுதாபச் செய்தி. முதல் பாதியில் வந்த பாட்டு இரண்டாம் பாதியில் மறுபடி வருவதாக இருந்தால் அடிபட்டுத் திரும்ப வேண்டும். போன மாதிரியே சட்டை கசங்காமல் வந்து நின்றால் அது எங்கேயும் போகவே இல்லை என்று அர்த்தம். இவையெல்லாம் அவர் சட்டங்கள். மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்த காலத்தை அவர் பார்த்திருந்தார். பிறகு அந்தப் பள்ளத்தைப் பலகை போட்டு மூடி, மேலே இரண்டு வரிசை நாற்காலி போட்டு, இசையைப் பெட்டியிலிருந்து ஒலிபரப்பினார்கள். அந்த இரண்டு வரிசையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கல்லறை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா என்று டிக்கெட் கொடுப்பவரிடம் சண்டைக்குப் போவார்.

நாடகங்களை விட நாடகம் பார்க்க வருகிறவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். தின்பண்டப் பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தால் சத்தம் கேட்காது என்று நம்பி, ஒரு முழுப் பாட்டுக்கும் பிரித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வருபவர்கள் உண்டு. தெரிந்த பாட்டு வந்தால் கூடவே பாடி, இவன் டிக்கெட் வாங்கியது தன் குரலைக் கேட்கத்தானோ என்று நினைக்க வைப்பவர்கள் உண்டு. கடைசிச் சுரம் அடங்குவதற்குள் கைதட்டி, எனக்குத்தான் முதலில் புரிந்தது என்று காட்டிக்கொள்பவர்கள் உண்டு. இவர்களை எல்லாம் மன்னித்தாலும் மன்னிப்பார், எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று கைதட்டுகிறவர்களை மட்டும் மன்னிக்க மாட்டார். எழுந்து நிற்பது என்பது கடைசியாகக் கொடுக்க வேண்டியது, அதைப் பார்த்தவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கும் என்பார். அவரே வாழ்நாளில் எழுந்து நின்றது இரண்டே நாடகங்களுக்குத்தான். அதில் இரண்டாவதுக்கு எழுந்ததை நினைத்துப் பிறகு வருத்தப்பட்டார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். எக்ஸ்ரேக்கார அம்மாள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க" என்று பகல் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் தன் மூச்சை விடுகிறவர். கல்யாணமான புதிதில் வரைபடக்காரர் அவரையும் நாடகத்துக்கு அழைத்துப் போனார். அந்த அம்மாள் சிரிக்கிற இடத்தில் சிரித்தார், அழுகிற இடத்தில் அழுதார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், எங்கே தப்பாகச் சிரித்தாய், எங்கே ஏமாந்து அழுதாய் என்று கணவர் விளக்கிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு டியூட்டி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். டியூட்டி இல்லாத நாட்களிலும் இருக்கிறது என்றார். கணவர் சரிபார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் அழுகிற ஆள் இல்லாதது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஒரே மகன். வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே பாடுவான், பல் துலக்கும்போதும் பாடுவான். படிப்பு முடிந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நாடகக் கம்பெனியில் கோரஸில் சேர்ந்தான். கோரஸ் என்றால் பின்னால் நிற்கும் கூட்டம். திருவிழாக் கூட்டம், போர்ப்படை, மீனவர்கள் என்று எது வேண்டுமோ அதுவாக நிற்பார்கள். இரண்டாம் வருடம் அவனுக்குத் தனியாகப் பாட நாலு வரி கிடைத்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னான். அம்மா சந்தோஷம் தாங்காமல் அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இருந்த நடையில் பூங்கொத்துகளும் உறவுக்காரர்களுமாக ஒரே நெரிசல். மீனவன் வேஷம் கலைக்காமலே மகன் அப்பாவிடம் வந்து நின்றான்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"குரல் இருக்கு. காது இல்ல. மூணாவது வரியில சுருதி இறங்குது, அது உனக்கே தெரியல. காது இல்லாதவன் பாடக் கூடாது. வேற வேலை பாரு."

நடையில் இருந்தவர்கள் எல்லோரும் தத்தம் பூங்கொத்தைக் குனிந்து பார்த்தார்கள். மகன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பாதி முகம் துடைத்ததும் கை நின்றுவிட்டது. மீதிப் பாதி சாயத்தோடேயே பஸ் ஏறிப் போனான். அடுத்த மாதம் கடல் தாண்டி வேறொரு நாட்டுக்குப் போய், ஒரு துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டும் வேலையில் சேர்ந்தான். வாராவாரம் அம்மாவுக்கு போன் செய்வான். அப்பா எடுத்துவிட்டால், "அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்பான். வரைபடக்காரர் இதில் தன் தப்பு எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. சுருதி இறங்கியது உண்மை. யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிப் பல வருடங்கள் போனபின் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென்று அரங்கம் ஓசி டிக்கெட் கொடுத்திருந்தது. எக்ஸ்ரேக்கார அம்மாள், நான் போகிறேன் என்றார். வரைபடக்காரர் அந்த நாடகத்தை ஏற்கெனவே பார்த்து, குப்பை என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார். ஆனாலும் தான் இல்லாமல் ஒரு நாடகம் நடக்கிறது என்ற நினைப்பு அவருக்குத் தாங்காது; சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். கப்பலேறிப் போன மகன் ஒருவன் திரும்பி வருகிற கதை. கடைசிக் காட்சியில் தாய் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அவள் எழவில்லை. மறுபடி தட்டுகிறது. அந்தத் தட்டலையே தாளமாக எடுத்துக்கொண்டு மேடையில் இருக்கும் அத்தனை பேரும் மேஜையை, சுவரை, தரையைத் தட்டுகிறார்கள், அதற்குள்ளிருந்து பாட்டு எழுகிறது. திரை விழுவதற்குள் அரங்கமே எழுந்து நின்றது. எக்ஸ்ரேக்கார அம்மாளும் கன்னத்தைத் துடைக்காமல் எழுந்து நின்றார். பிறகு குனிந்து கணவரின் தோளைத் தொட்டார்.

"எழுந்திருங்க."

"உட்காரு. கதவு தட்டுற சத்தத்துக்குத் தாளம் போட்டு அழ வைக்கிறான். இது ஜேப்படி."

"எனக்குப் பிடிச்சிருக்குங்க. எனக்காக எழுந்திருங்க."

"உனக்காக எழுந்தாலும் அது நாடகத்துக்கு எழுந்ததாத்தான் ஆகும்."

அந்த அம்மாள் தோளிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினார். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். விளக்குகள் எரிந்தன, கூட்டம் கலைந்தது, வரைபடக்காரர் எழப் பார்த்தார். எழ வரவில்லை.

கால் மரத்துப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். டிக்கெட் கிழிப்பவர்கள் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நாற்காலி தரையோடு முனகியதே தவிர அவர் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். தச்சர் வந்து நாற்காலியின் முதுகுப் பலகையில் ரம்பத்தை வைத்து ஒரு இழு இழுத்ததும் வரைபடக்காரர் அலறினார். ரம்பம் பட்ட கீறலில் ரத்தம் கசிந்தது. தச்சர் ரம்பத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, இது என் வேலை இல்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் நாற்காலியின் கைப்பிடியில் விரல் வைத்துப் பார்த்தார். நாடி சீராக இருந்தது. மறுநாள் எக்ஸ்ரேக்கார அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து உருட்டிக்கொண்டு போகும் எக்ஸ்ரே கருவியை வேனில் ஏற்றி வந்தார். கணவரிடம் மற்ற நோயாளிகளிடம் சொல்வதைப் போலவே மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க என்றார். படத்தை, 'வெளியேறும் வழி' என்று எழுதியிருந்த விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு எங்க முடியுது, மரம் எங்க ஆரம்பிக்குதுன்னு என்னால சொல்ல முடியல" என்று மேனேஜரிடம் சொன்னார். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அவரவர் வேலையை அவரவர் பார்க்கத் தொடங்கினார்கள். வரைபடக்காரருக்குப் பசியும் தூக்கமும் இருந்தன, மற்ற உபாதைகள் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டன. எப்படி என்று டாக்டர் கேட்கவில்லை, மேனேஜருக்கு அது பெரிய நிம்மதி. அலுவலகத்துக்கு வர இயலாத ஊழியர்களுக்கென்று இருந்த விதியின் கீழ் கட்டட அனுமதி அலுவலகம் அவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தது. முடி வெட்டுகிறவர் மாதம் ஒருமுறை ஏழாம் வரிசைக்கு வந்தார். பெருக்குகிற பெண் அவர் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பெருக்கினாள். அவர் எல்லா நாடகத்தையும் எல்லாக் காட்சியிலும் பார்த்தார். இளமையில் அவர் கனவு கண்டது இதைத்தான் என்பதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அவர் அந்த ஆளிடம் அதன்பிறகு பேசவில்லை.

கொஞ்ச நாளில் நாடகக் கம்பெனிகளுக்கு விஷயம் தெரிந்து, அவரை எழவைப்பது ஒரு பந்தயமாகிவிட்டது. உட்கார்ந்தவரை எழுப்பிய நாடகம் என்று முன்கூட்டியே சுவரொட்டி அடித்துக்கொண்டு வந்தார்கள், பிறகு அந்தச் சுவரொட்டிகளை அவர்களே கிழித்தார்கள். கயிற்றில் பறந்தார்கள், மேடையில் நிஜமாக மழை பெய்வித்தார்கள், அநாதைக் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார்கள். ஒரு கம்பெனி வேறு வழி தெரியாமல் நடுவில் நாட்டு வாழ்த்தையே புகுத்தியது. எல்லோரும் எழுந்தார்கள், அவர் உட்கார்ந்தபடியே மரியாதையாகக் கூடப் பாடினார். ஜனங்கள் மேடையைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். திரை விழும்போது அத்தனை தலைகளும் ஏழாம் வரிசைப் பக்கம் திரும்பும், அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து கைதட்டுவார்கள். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள் என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவரைப் போல இல்லை என்று காட்டிக்கொள்வதற்காகவே தட்டினார்கள்.

ஒருநாள் ஒரு கதாநாயகி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கி ஏழாம் வரிசைக்கே வந்துவிட்டாள்.

"சார், உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லிடுங்க."

"இந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் கழிச்சு வரணும்மா. நீ இன்னும் அவன்மேல கோவத்துலதான் இருக்க. அதுக்குள்ள மன்னிச்சுப் பாடுற."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். திரும்பிப் போய் மேனேஜரிடமும் கம்பெனிக்காரர்களிடமும் பேசி, அடுத்த வாரம் அந்தப் பாட்டை இரண்டு காட்சி தள்ளி வைத்துப் பாடினாள். அவர் சொன்னது சரி. அரங்கத்தில் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட இல்லை. ஒரு பெண் கோபம் முழுவதையும் செலவழித்துவிட்டு, வேறு எதுவும் மிச்சமில்லாமல் மன்னிக்கிறாள். அந்த இடத்தில் பாட்டு வந்தது. வரைபடக்காரரின் கண் நிறைந்தது. அன்றைக்கு அவர் எழ விரும்பினார். கைப்பிடிகளை அழுத்திக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்ததைப் பக்கத்து வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். நாற்காலி விடவில்லை. நல்ல நாடகம் வந்தால் எழுந்துவிடுவேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் அதைச் சொல்வதை விட்டுவிட்டார்.

எக்ஸ்ரேக்கார அம்மாள் டியூட்டி முடிந்து தினமும் சாப்பாட்டு டப்பாவோடு வருவார். பக்கத்து இருக்கையை மேனேஜர் அவருக்கென்றே விட்டுவைத்திருந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாது, நாடகம் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அந்த அம்மாளுக்கும் ருசி தட்டிவிட்டது. அவருக்குப் பெரும்பாலும் எல்லாமே பிடித்தது. பிடிக்காததும் பாதி பிடித்தது. பக்கத்தில் குனிந்து கணவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "உஷ், பாட்டு ஓடுது" என்பார். அந்த அம்மாளுக்கு அருகில் உட்கார்ந்தால் நாடகம் நன்றாக இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, எட்டாம் வரிசை டிக்கெட்டுக்குப் போட்டி வந்தது. திரை விழுந்ததும் அவர் எழுந்து தட்டுவார், கணவர் அவர் இடுப்பு உயரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வரைபடக்காரர், இந்த நாற்காலி தன் வாழ்க்கையை விழுங்கிவிட்டது என்று புலம்பினார். அந்த அம்மாள் டப்பாவைக் கழுவப் போனவர், நின்று திரும்பினார்.

"முப்பது வருஷமா நீங்க இங்கதான் இருந்தீங்க. இப்ப முதுகு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

ஆறாவது வருடம் எக்ஸ்ரேக்கார அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருடம் மகனுக்குக் கடல் தாண்டிய ஊரில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஓர் இடைவேளையில் அந்த அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட பேசுங்க. அன்னைக்கு நல்லாத்தான் பாடினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நல்லாப் பாடலையே. என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா. ஒரே ஒரு பொய். உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு ஒரு பொய் கேக்குறேன். கூடவா கேக்குறேன்?"

அவர் போனை வாங்கிக்கொண்டார். மறுமுனையில் மகன், "ஹலோ, அம்மா?" என்றான். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. வரைபடக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்ததை அந்த அம்மாள் பார்த்தார். பிறகு எப்போதும் அதைச் சத்தியம் செய்துதான் சொல்வார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"உங்க ஊர்ல மழையா?"

"இல்ல" என்றான் மகன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழை இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவேளை முடிந்த மணி அடித்தது. வரைபடக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையைப் பார்த்தார். எக்ஸ்ரேக்கார அம்மாள் இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. டப்பாவை மூடினார், மூடி பொருந்தவில்லை, மறுபடி மூடினார். அடுத்த மாதம் ஒரு பெட்டியோடு வந்து நடைபாதையில் நின்றபடியே, சாப்பாட்டுக்கு மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், இனிமேல் நான் மகனோடு இருக்கப் போகிறேன் என்றார். வரைபடக்காரர், எப்போது வருவாய் என்று கேட்டார். "விளக்கை அணைச்சுட்டாங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார். அவர் போகும்போது மேடையில் ஒரு நகைச்சுவைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்து இருக்கை மறுநாளிலிருந்து பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. அதில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கைப்பிடிக்கு முழங்கையால் இடித்துக்கொண்டார்கள், அவர் காலில் குடையைச் சாய்த்து வைத்தார்கள். அவரை எழவைக்கும் பந்தயமும் ஓய்ந்துவிட்டது. புதிதாக வந்தவர்கள் அவரை யாரோ முன்னாள் நடிகர் என்று நினைத்தார்கள். அவர் கருத்து சொல்வதை நிறுத்தவில்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. பொட்டலம் பிரிக்கிறவர்களைத் திட்டினார், கூடப் பாடுகிறவர்களைத் திட்டினார், அழுகிறவர்களை மட்டும் எதுவும் சொல்லாமல் விட்டார். ஏன் என்று மேனேஜர் கேட்டபோது, இந்தக் காலத்தில் யாரும் ஒழுங்காக அழுவதில்லை, அதனால் திட்ட வேண்டிய அவசியம் வரவில்லை என்றார்.

ஒன்பதாவது வருடம் ஒரு புதன்கிழமை மதியம், ஒரு மட்டமான நாடகம் நடந்துகொண்டிருந்தது. காய்கறிகள் பாடுகிற நாடகம். அரங்கத்தில் கால்வாசிதான் கூட்டம். அவருக்கு அந்தப்பக்கம், சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி அவர் முழங்காலுக்கு அருகில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் எழுந்துக்குறீங்களா? வழி விடணும்."

"வாங்கம்மா, வாங்க" என்று வரைபடக்காரர் எழுந்தார்.

காய்ந்த கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலியின் முதுகுப் பலகை மட்டும், இருக்கையிலிருந்து முறிந்து, அவர் தோளிலிருந்து இடுப்புவரை அவரோடேயே வந்திருந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர், "மறைக்குது, உட்காருங்க" என்றார். மேடையில் ஒரு கத்தரிக்காய் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது, பிறகு விட்ட இடத்திலிருந்து பாடியது. வரைபடக்காரர் பக்கவாட்டு வழியாக வெளியே போனார். மேனேஜர் அந்த இருக்கையைப் பழுதுபார்க்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் சாவி பூட்டில் திரும்ப மறுத்து, பிறகு திரும்பியது. உள்ளே தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. மறுநாள் அவர் போன் செய்தார். எக்ஸ்ரேக்கார அம்மாள்தான் எடுத்தார்.

"நான்தான். எழுந்துட்டேன்."

மறுமுனையில் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த நாடகத்துக்கு?"

"நாடகத்துக்கு இல்ல. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வெளிய போகணும்னு கேட்டா. வழி விட எழுந்தேன்."



"அவ்வளவு சுலபமா இருந்துச்சா?"

"ஆமா."

"சரி."

அவர் மகனைப் பற்றிக் கேட்டார். குளிக்கிறான் என்றார் அந்த அம்மாள். போனுக்குப் பின்னால், தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில், ஓர் ஆண்குரல் பாடுவது கேட்டது. கூடவே ஒரு சின்னக் குரல் கதவுக்கு வெளியிலிருந்து இழுத்து இழுத்துப் பாடியது. வரைபடக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பெரிய குரலுக்கு மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது. சின்னக் குரலுக்கு முதல் வரியிலேயே இறங்கியது. அவர் அதைச் சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்லாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை, ஆனால் சொல்லாமல் இருந்தது மறுமுனையில் யாருக்கும் தெரியவில்லை. "வெச்சிடறேன், வேலை இருக்கு" என்றார் அந்த அம்மாள். வரட்டுமா என்று கேட்பதற்காக அவர் வைத்திருந்த வாக்கியம் வாயிலேயே இருந்துவிட்டது.

பலகையை எடுக்க ஆஸ்பத்திரியில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அது உங்கள் முதுகுதான், முதுகை எடுத்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று புது எக்ஸ்ரேக்காரர் கேட்டார். தையல்காரர் முதுகில் திறந்து தோளில் பொத்தான் வைத்த சட்டைகள் தைத்துக் கொடுத்தார். வரைபடக்காரர் ஒருக்களித்துப் படுக்கப் பழகினார். மழைக்காலத்தில் பலகை உப்பி வலித்தது, அப்போது மட்டும் கொஞ்சம் குனிந்து நடந்தார். அதன்பிறகு அவர் எந்த நாடகத்துக்கும் போகவில்லை. காலையில் பஸ் பிடித்துத் துறைமுகம் வரை போவார், கப்பலில் பளு ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். பஸ்ஸில் எங்கும் உட்கார மாட்டார். கூட்டம் ஏறினால் கண்டக்டர், "அந்தப் பலகை ஐயாவைச் சுத்திப் போங்க, திரும்பினா இடிக்கும்" என்று குரல் கொடுப்பார். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். கால் வலிக்கிற கிழவிகள் யாராவது அவர் முதுகில் லேசாகச் சாய்ந்துகொள்வார்கள், இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்கிப் போவார்கள்.